காவிரிச் சேற்றில் ஆதிக் காற்று

மேட்டூர் அணை திறந்து, காவிரி கல்லணையைக் கடந்து, கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே தென்கரையில் இருக்கும் திருவிடைமருதூர் வயல்களுக்கு வந்து சேர்ந்ததும் குறுவைக்குத் தொழி அடிக்கிறார்கள். தண்ணீர் கட்டி ஒன்றிரண்டு நாள் ஆவதற்குள் அந்தச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். மண்ணில் மடக்கி உழுத தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்களோ அதை வந்த வேகத்திலேயே செலவழித்துவிடும். மேலே சில மில்லிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே சேறு நீலம் கலந்த சாம்பல் நிறத்துக்கு மாறும். அங்கே வாழும் உயிர்கள் முதலில் நைட்ரேட்டை, பிறகு மாங்கனீசு ஆக்சைடை, பிறகு இரும்புத் துருவை, பிறகு சல்பேட்டை ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்துகின்றன. இவை யாவும் தீர்ந்த பிறகு, ஆக்சிஜன் பட்டாலே செயலிழக்கும் மிகப் பழைய மரபைச் சேர்ந்த உயிர்கள் முன்னுக்கு வருகின்றன. அவை வெளிவிடுவது மீத்தேன். காலை வைத்தால் குமிழியாகக் கிளம்புவது அதுதான். குமிழியாக வருவதைவிட நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாக வெளியேறும் மீத்தேனே அதிகம்.

நடவு வயலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றிச் செம்பழுப்புப் பூச்சு தெரியும். மேலிருந்து தண்டு வழியாக இறங்கும் ஆக்சிஜன் வேரிலிருந்து சிறிதளவு கசிகிறது. சேற்றுநீரில் கரைந்திருக்கும் இரும்பு அதைச் சந்தித்த இடத்தில் துருவாகப் படிகிறது. வயலின் மேல்நீரில் நீலப்பச்சைப்பாசி இருக்கிறது. வேளாண் துறை உயிர் உரமாகப் பரிந்துரைக்கும் அதே பாசி. அது வெயிலில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. ஆக, ஒரு சாண் ஆழத்துக்குள் இரண்டு வேதியியல்கள் இருக்கின்றன: மேலே ஆக்சிஜனின் உலகம், கீழே அது இல்லாத உலகம். பூமியின் வரலாற்றில் மூத்தது கீழே இருப்பது. பூமிக்கு ஏறத்தாழ 454 கோடி வயது. அதில் முதல் 210 கோடி ஆண்டுகள் வானம் முழுவதும் ஆக்சிஜன் இல்லாததாகவே இருந்தது. இன்று நாம் இழுக்கும் மூச்சில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் வாயு பூமி தந்த சொத்து அல்ல; உயிர்கள் உண்டாக்கி, ஒவ்வொரு நாளும் செலவை ஈடுகட்டி நிலைநிறுத்தி வருவது. இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்கான சான்றுகளில் முக்கியமான சிலவற்றைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கோ கிரீன்லாந்துக்கோ போக வேண்டியதில்லை. காவிரியின் தலைமாட்டிலிருந்து கடைமடை வரை அவை கிடக்கின்றன.

முதலில் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வயல் சேற்றை ஆதி பூமியின் நகல் என்று கொள்ள முடியாது. அந்தச் சேற்றில் உயிர்கள் தின்னும் வைக்கோலும் வேரும் ஒளிச்சேர்க்கையால், ஆக்சிஜன் நிறைந்த காற்றில் உருவானவை. ஆதி பூமியில் நெல் இல்லை, புல்லும் இல்லை. அப்போதைய மீத்தேன் உயிர்கள் எரிமலைகளிலிருந்தும் கடலடிப் பாறைகளிலிருந்தும் வந்த ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்துப் பிழைத்திருக்க வேண்டும். இந்த மறுப்பு சரியானது, அதை முழுமையாக ஏற்கிறேன். வயல் நமக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: ஆக்சிஜன் வரத்து நின்றால் பூமியின் பொருள்கள் எந்தத் திசையில் போகும் என்பது. வரத்தைத் தடுக்க ஒரு மெல்லிய நீர்ப்படலமே போதுமானதாக இருக்கிறது. ஆனால் பழைய வானம் உண்மையில் எப்படி இருந்தது என்பதைப் பாறைதான் சொல்ல வேண்டும்.

பூமி பிறந்தபோது அதைச் சூழ்ந்திருந்த வாயு இன்றைய காற்றின் முன்னோர் அல்ல. இதற்கு மிக அழகான சான்று நியான். சூரியனில் நியானும் நைட்ரஜனும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன. நம் காற்றிலோ நைட்ரஜன் 78 சதவீதம். நியான் பத்து லட்சத்தில் 18 பங்குதான். நியான் எதனுடனும் சேராது, பாறைக்குள் ஒளியாது. எடையிலும் அது நீராவியைவிடச் சற்றுக் கனமானது. நியான் போயிருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்றால், முதல் வாயுப்போர்வை மொத்தமாகக் கலைந்துபோய், திடப்பொருளுக்குள் சிறைப்பட்டு வந்த நீரும் நைட்ரஜனும் கார்பனும் பிறகு வெளியே வந்து புதிய காற்றாகின என்றுதான் பொருள். ஆர்கான் இதை உறுதிப்படுத்துகிறது. காற்றில் 0.93 சதவீதமாக இருக்கும் ஆர்கானில் மிகப் பெரும்பகுதி, பாறைகளில் உள்ள பொட்டாசியம் கதிரியக்கத்தால் சிதைந்து உண்டானது. பாறை காற்றை ஈன்றது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் தேவையில்லை.

எந்த வகைக் காற்றை ஈன்றது என்பதில்தான் நீண்ட சச்சரவு நடந்தது. 1920களில் ரஷ்யாவில் ஓபாரினும் இங்கிலாந்தில் ஹால்டேனும் உயிர் தோன்றிய காலத்துக் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்று தனித்தனியாக எழுதினார்கள். (ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர்.) ஓபாரின் நினைத்த காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் நிறைந்திருந்தன, ஹால்டேன் கார்பன் டை ஆக்சைடை முன்வைத்தார். வேதியியலாளர் ஹெரால்டு யூரி முதல் கருத்தின் பக்கம் நின்றார். அவருடைய மாணவர் ஸ்டான்லி மில்லர் 1953-இல் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை எடுத்துக்காட்டியதும், அந்தக் கலவையே ஆதிக் காற்று என்று பாடநூல்கள் எழுதத் தொடங்கின. மில்லரின் சோதனை மகத்தானது. ஆனால் ஒரு கலவையிலிருந்து அமினோ அமிலம் கிடைக்கிறது என்பதால் அந்தக் கலவை இருந்தது என்று ஆகிவிடாது. அம்மோனியாவைப் புற ஊதாக்கதிர் சில பத்தாண்டுகளில் சிதைத்துவிடும். எரிமலைகள் வெளிவிடும் வாயு, உருகிய பாறை எந்த அளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைக்கும் சிர்கான் மணிகள் 440 கோடி ஆண்டு வரை பழையவை. அவற்றில் சீரியம் என்ற உலோகம் எந்த நிலையில் நுழைந்திருக்கிறது என்று 2011-இல் அளந்து பார்த்தபோது, அக்காலப் பாறைக்குழம்பு இன்றைய எரிமலைக் குழம்பிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்று தெரிந்தது. அப்படியானால் அன்றும் எரிமலைகள் கொட்டியது பெரும்பாலும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன். கொஞ்சம் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கந்தக வாயுக்கள். இவற்றில் ஆக்சிஜன் வாயு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த எரிமலையும் அதை வெளிவிடுவதில்லை.

இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு எங்கே போயிற்று? வெள்ளிக் கோளில் அது போகவில்லை. அங்கே காற்றின் 96 சதவீதம் அதுதான், அழுத்தமும் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல். பூமியிலும் ஏறத்தாழ அதே வரிசையிலான கார்பன் இருக்கிறது, ஆனால் கல்லாக இருக்கிறது. மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துப் பாறையை அரிக்கும். அரித்த சுண்ணாம்புச்சத்தை ஆறு கடலுக்குக் கொண்டுபோகும். கடலில் அது சுண்ணாம்புக்கல்லாகப் படியும். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலில் இவ்வாறு படிந்த கார்பன் டை ஆக்சைடுதான். சூளையில் அதைச் சுடும்போது அது மறுபடி வாயுவாகிறது. ஆதிக் காற்றின் பெரும்பகுதி தொலையவில்லை, இடம் மாறியது.

இனி காவிரியின் தலைமாட்டுக்குப் போவோம். சிக்கமகளூருக்கு மேலே பாபாபுடன் மலைத்தொடரில் யகச்சி ஆறு பிறந்து ஹேமாவதியில் சேர, ஹேமாவதி கிருஷ்ணராஜசாகர் அணைக்கருகே காவிரியில் கலக்கிறது. ஹேமாவதி ஓடும் கொரூர்ப் பகுதியின் பாறைகளுக்கு ஏறத்தாழ 330 கோடி வயது. அதைவிட இளையது பாபாபுடன் பாறைத்தொகுதி; அதுவும் 270 கோடி ஆண்டுக்கு முந்தியது. அதன் அடியில், பழைய ஆறு ஒன்று உருட்டிக் குவித்த கூழாங்கற்கள் இறுகிப் பாறையாகியிருக்கின்றன. அந்தக் கூழாங்கற்களுக்கிடையே பைரைட் மணிகளும் யுரேனினைட் மணிகளும் இருக்கின்றன. பைரைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. ஈரமும் ஆக்சிஜனும் உள்ள இடத்தில் அது துருவாகவும் கந்தக அமிலமாகவும் சிதையும். யுரேனினைட் ஆக்சிஜன் கலந்த நீரில் கரைந்து போய்விடும். இன்றைய காவிரி மணலை அலசினால் கார்னெட், இல்மனைட், சிர்கான் கிடைக்கும். இவை ஆக்சிஜனால் பாதிக்கப்படாதவை. பைரைட் கூழாங்கல் படுகை மட்டும் கிடைக்காது. அதே நிலப்பரப்பில், அதே வகையான பாறையை அரித்து ஓடிய இரண்டு ஆறுகள். ஒன்றின் வண்டலில் பைரைட் பிழைத்தது, மற்றதில் பிழைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே மாறியது மேலே இருந்த காற்று.

இதை மறுப்பவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய மறுப்பு அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. அந்த மணிகள் ஆற்றில் வந்தவை அல்ல, பாறை இறுகிய பிறகு பூமிக்குள்ளிருந்து ஏறிய சூடான நீர் அங்கே படியவைத்தவை என்றார்கள் சிலர். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்சுராண்டு தங்கச் சுரங்கங்களில் இதே வகைப் படுகைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் இந்த வழக்கு நடந்தது. உருண்டு தேய்ந்த விளிம்புகள், கனத்துக்கும் பருமனுக்கும் ஏற்ப நீரோட்டம் பிரித்து அடுக்கியிருக்கும் ஒழுங்கு, யுரேனினைட்டுக்குள் கலந்திருக்கும் தோரியம் ஆகியவை சுடுநீர்க் கருத்துக்கு எதிராக நிற்கின்றன. தோரியம் சூடான பாறைக்குழம்பில் பிறந்ததற்கு அடையாளம், நீரில் கரைந்து படிந்ததில் அது இராது. இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது: இன்றைய சிந்து நதி மணலிலும் யுரேனினைட் மணிகள் கிடைத்திருக்கின்றன, காற்றில் 21 சதவீத ஆக்சிஜன் இருந்தும்! உண்மைதான். ஆனால் சிந்து, பனி மூடிய உயர்மலையிலிருந்து செங்குத்தாக இறங்கும் ஆறு; குளிரிலும் வேகத்திலும் கல் சிதைய அவகாசம் இல்லை. அங்கும் யுரேனினைட் அரிதாகத்தான் இருக்கிறது, பைரைட் குவியலாகப் படிவதில்லை. பழைய படுகைகளிலோ இரண்டும் சேர்ந்து, கண்டத்துக்குக் கண்டம் இருக்கின்றன. ஏறத்தாழ 230 கோடி ஆண்டுக்குப் பிறகு படிந்தவற்றில் அவை இல்லாமல் போகின்றன. ஒரு தனி ஆறு விதிவிலக்காக இருக்கலாம். உலகத்து ஆறுகள் எல்லாம் ஒரே காலகட்டத்தில் விதிவிலக்காக இருந்து, ஒரே காலகட்டத்தில் மாறின என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் மணிகளை மட்டும் நம்பியிருந்தால் வழக்கு முழுமையாக முடிந்திருக்காது. முடித்துவைத்தது கந்தகம். கந்தகத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் நான்கு: 32, 33, 34, 36. சாதாரண வேதிவினைகளும் உயிர்வினைகளும் இவற்றை எடை வித்தியாசத்துக்கு ஏற்பத்தான் பிரிக்கும். 33 எவ்வளவு விலகியது என்று தெரிந்தால் 34 எவ்வளவு விலகியிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்கர், ஹுய்மிங் பாவ், மார்க் தீமென்ஸ் மூவரும் பழைய பாறைகளில் இந்தக் கணக்கு உடைகிறது என்று காட்டினார்கள். எடை விதிக்கு அடங்காத அந்த விலகல், காற்றில் உள்ள கந்தக வாயுக்கள் மீது புற ஊதாக்கதிர் நேராகப் படும்போது உண்டாவது. இன்று ஓசோன் படலம் அந்தக் கதிரைத் தடுக்கிறது. அதோடு, ஆக்சிஜன் இருந்தால் எல்லாக் கந்தகமும் சல்பேட்டாக ஒன்றுசேர்ந்து அந்த அடையாளம் கலைந்துவிடும். அடையாளம் கல்லில் பதிந்து நிற்க வேண்டுமானால் காற்றில் ஆக்சிஜன் இன்றைய அளவில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. 240 கோடியிலிருந்து 230 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தில் அந்த அடையாளம் மறைகிறது. பைரைட்டும் யுரேனினைட்டும் ஆற்று வண்டலிலிருந்து மறையும் காலமும் அதுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே தேதியைச் சொல்கின்றன.

சேலத்துக்கருகே கஞ்சமலையில் இருக்கும் வரிவரியான இரும்புப் பாறையையும் இங்கே சேர்க்கத் தோன்றும். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானது அது. பூமியின் ஆழத்தில் வெந்து மாறிய பிறகும் காந்த இரும்பும் குவார்ட்சும் மாறிமாறி வரும் அமைப்பு தெளிவாக இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிஜன் பட்டுத் துருவாகி வீழ்ந்தது என்று பல நூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. ஆக்சிஜனை வெளிவிடாமல், வெயிலின் ஆற்றலால் இரும்பை நேரடியாகத் துருவாக்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆகவே கஞ்சமலை ஆக்சிஜன் இருந்ததற்குச் சாட்சி அல்ல. அது வேறொன்றுக்கு உறுதியான சாட்சி: இவ்வளவு இரும்பு கடலில் கரைந்து வெகுதூரம் பயணம் செய்ய முடிந்தது என்பதற்கு. ஆக்சிஜன் உள்ள கடலில் இரும்பு கரைந்து நிற்காது. திருவிடைமருதூர் வயலின் சாம்பல்நிறச் சேற்றுநீரில் கரைந்து நிற்கும் இரும்பு, வேரருகே வந்ததும் செம்பழுப்பாகப் படிவது இதே விதிப்படிதான்.

ஆக்சிஜன் இல்லை என்பது நிரூபணமானால் வேறு என்ன இருந்தது என்ற கேள்வி வருகிறது. இங்கே சூரியன் உதவிக்கு வருகிறது. தொடக்கத்தில் சூரியனின் ஒளி இன்றைய அளவில் 70 சதவீதம்தான். இன்றைய காற்றை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் பூமி உறைந்திருக்கும். பாபாபுடன் கூழாங்கற்களோ உறையாத நீர் ஓடியதைச் சொல்கின்றன. 1972-இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் இந்த முரணை முன்வைத்து, அம்மோனியா வெப்பத்தைப் பிடித்துவைத்தது என்றார்கள். அது நிலைக்காது என்பதை மேலே பார்த்தோம். கார்பன் டை ஆக்சைடு இன்றையதைப் போலப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும். அதற்குத் துணையாக மீத்தேன். இன்றைய காற்றில் ஒரு மீத்தேன் மூலக்கூறு பத்தாண்டு போல நிலைக்கிறது, ஏனென்றால் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் தீவிர மூலக்கூறுகள் அதைத் தேடி அழிக்கின்றன. ஆக்சிஜன் இல்லாத காற்றில் அது பத்தாயிரம் ஆண்டு வரை நிலைக்கும் என்று ஜேம்ஸ் காஸ்டிங் போன்றோர் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே இன்று உலகத்து வயல்களும் சதுப்புகளும் மாடுகளும் சேர்ந்து விடும் மீத்தேன் பத்து லட்சத்தில் 2 பங்கைத் தாண்டாமல் நிற்க, அன்று ஆயிரம் பங்கு வரைகூட எளிதாகச் சேர்ந்திருக்கும். மிகவும் கூடினால் அது புகைமூட்டமாகி வெயிலை மறைக்கும். சனியின் நிலாவான டைட்டனில் இன்று இருப்பது அந்த மூட்டம். அழுத்தத்துக்கும் ஒரு வரம்பு கிடைத்திருக்கிறது: தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பலில் விழுந்து பதிந்த மழைத்துளித் தடங்களை அளந்தவர்கள், அக்காலக் காற்றின் அடர்த்தி இன்றையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இல்லை என்று கண்டார்கள். நைட்ரஜன், நிறையக் கார்பன் டை ஆக்சைடு, கணிசமான மீத்தேன், கொஞ்சம் ஹைட்ரஜன் என்ற கலவை இப்படித்தான் எல்லாப் பக்கமும் வேலி கட்டி நிறுவப்படுகிறது.

அதை மாற்றியது நீலப்பச்சைப்பாசியின் மூதாதை. அது தோன்றியவுடன் வானம் மாறிவிடவில்லை. பாசி உண்டாக்கிய ஆக்சிஜனை எரிமலையின் ஹைட்ரஜனும், கடலில் கரைந்த இரும்பும், அழுகும் பாசியுமே திரும்பவும் விழுங்கிவிட்டன. ஒரு பாசி வாழ்ந்து முழுதாக மட்கினால் அதன் ஆக்சிஜன் கணக்கு பூஜ்யம்தான். விட்டதையெல்லாம் மட்கும்போது திரும்ப வாங்கிக்கொள்கிறது. மிச்சம் நிற்க இரண்டு வழிகள் உண்டு. மீத்தேன் மேலே ஏறிச் சிதைந்து, அதிலுள்ள ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பினால் பூமி கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் பக்கம் சாயும். இரண்டாவது வழி, பாசியின் கார்பன் மட்காமல் வண்டலுக்குள் புதைவது. புதையும் ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு காற்றில் எஞ்சும்.

இரண்டாவது கணக்கைக் காவிரிப் படுகையிலேயே பார்க்கலாம். குத்தாலத்திலும் நரிமணத்திலும் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். டெல்டாவின் அடியாழத்தில் ஆண்டிமடம் பெயரால் அழைக்கப்படும் பழைய களிப்பாறைகளிலும் அவற்றுக்கு மேலுள்ளவற்றிலும், பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பும் பின்பும் வாழ்ந்த உயிர்களின் கார்பன் மட்காமல் கிடக்கிறது. அது மட்காததால் காற்றில் எஞ்சியதைத்தான் மேலே இருப்பவர்கள் சுவாசிக்கிறார்கள். இதை எடுத்து எரித்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். புதைந்த கார்பனில் எண்ணெயாகவும் நிலக்கரியாகவும் திரண்டிருப்பது மிகச் சிறு பங்கு. மற்றதெல்லாம் களிப்பாறையில் தூளாகப் பரவியிருக்கிறது, யாரும் அதை எரிக்கப் போவதில்லை. ஆனாலும் குறைவு அளவிடக்கூடியது. 1980களின் இறுதியிலிருந்து ரால்ஃப் கீலிங் எடுத்துவரும் அளவீடுகளின்படி காற்றின் ஆக்சிஜன் ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 4 மூலக்கூறு வீதம் குறைந்து வருகிறது, எரிபொருள் எரிப்பின் கணக்கோடு ஒத்துப்போகும் வேகத்தில். கவலை கொள்ள வேண்டியது அந்த ஆக்சிஜன் குறைவைப் பற்றி அல்ல. அதே எரிப்பில் கூடும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 280-லிருந்து 420-க்கு மேல் போய்விட்டது. ஆக்சிஜனில் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு மாற்றம், மிகக் குறைவாக இருக்கும் இந்த வாயுவில் பாதிக்குப் பாதி கூடுதலாகிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மற்றொரு வாயுவான மீத்தேனைக் குறைக்க வயலிலேயே வழி உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் ஆக்சிஜன் இடையிடையே சேற்றுக்குள் இறங்கி மீத்தேன் உயிர்களை அடக்குகிறது, மீத்தேன் வெளியேற்றம் வெகுவாகக் குறைகிறது. பத்தாண்டில் அழிந்துவிடும் வாயு அது என்பதால் பலன் ஒரு தலைமுறைக்குள் வானில் தெரியும். கார்பன் டை ஆக்சைடை முழுமையாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையைச் செய்வது மழையும் பாறையும் ஆறும்தான்; அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கிய அந்த வேலைக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.